நீல விளக்கு அணையாத கார்: கூலன்ட் வெப்பநிலை சென்சரைச் சோதித்த அனுபவம்

குளச்சலில் இருக்கும் அத்தானின் காரில் நீல விளக்கு அணைவதே இல்லை என்பதை முதலில் கவனித்தது அக்காதான். 2014ஆம் ஆண்டு மாடல், சிறிய பெட்ரோல் கார். வெப்பநிலையை முள்ளால் காட்டும் மீட்டர் அதில் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும், அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு எரியும். இரண்டும் எரியவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். முன்பெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் நீலம் அணைந்துவிடும். இப்போது திங்கள்சந்தை, தக்கலை எல்லாம் கடந்து மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கிறது.

கூடவே வேறு சில தொல்லைகளும் வந்திருந்தன. காலையில் சாவியைத் திருப்பியதும் கார் உயிர்பெற்றுவிடும். ஆனால் ஓடி வந்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுக்கும்போது ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றும். பிறகு கரும்புகையும் பெட்ரோல் நாற்றமுமாக எஞ்சின் எழும். கார் நிற்கும்போது நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓட வேண்டிய எஞ்சின், எவ்வளவு தூரம் ஓடிய பின்னும் 1,100 சுற்றிலிருந்து இறங்கவில்லை. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12க்கு வந்துவிட்டது. அத்தான் ஆசிரியர். தினமும் குளச்சலிலிருந்து தக்கலைப் பக்கம் போய்வருகிறவர் என்பதால் இந்தக் கணக்கு அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது பி0128 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் நிலைநிறுத்த வேண்டிய அளவை எட்டவில்லை என்பது அதன் பொருள். எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று முடிவு செய்து புதியதை மாட்டிவிட்டார்கள். அந்தக் குறியீட்டை அழித்தார்கள். நான்கு நாளில் அதே கோடு திரும்பி வந்தது. அடுத்து சென்சரை மாற்ற வேண்டும் என்றார்களாம். அப்போதுதான் அத்தான் என்னை அழைத்தார்.

"மாப்பிள்ளை, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் புது கார்தான் வாங்க வேண்டும். நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்."

நான் மெக்கானிக் அல்ல, நாகர்கோவிலில் மின்னணுப் பாடம் நடத்துகிறவன். ஆனால் இந்த சென்சர் என் பாடத்துக்குள் வருவது. உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர் மட்டுமே. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் வகையில் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம், 40 டிகிரியில் 1,200, 60 டிகிரியில் 600, 80 டிகிரியில் 320, 100 டிகிரியில் 190 ஓம் இருக்கும். எஞ்சின் கணினி 5 வோல்ட்டைத் தன்னுள் இருக்கும் ஒரு மின்தடை வழியாக இந்த சென்சருக்கு அனுப்பி, நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. கம்பி அறுந்தால் முழு 5 வோல்ட்டும் நிற்கும். கணினி மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வோல்ட் பூச்சியத்துக்கு இறங்கும். 130 டிகிரிக்கு மேல் படிக்கும். இந்த இரண்டு கடைகோடிகளையும் கணினி எளிதாகக் கண்டுபிடித்து பி0118, பி0117 என்ற கோடுகளைப் போட்டுவிடும். நடுவில் எங்கோ நின்றுகொண்டு தவறான எண்ணைக் காட்டும் பழுதுதான் ஆளை அலையவைக்கும்.

சனிக்கிழமை விடியுமுன் குளச்சல் போய்ச் சேர்ந்தேன். அதற்குக் காரணம் உண்டு. இரவு முழுவதும் நின்ற காரில் கூலன்ட், உள்ளே போகும் காற்று, வெளிக்காற்று மூன்றும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். எஞ்சினை ஓட்டாமல், சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் சென்சரும் காற்று சென்சரும் காட்டும் எண்களை ஒப்பிட்டால் போதும். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது. எதையாவது கழற்றுவதற்கு முன் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று சொல்வேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சிறிய புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசியில் பார்த்தேன். உள்ளே போகும் காற்று 27 டிகிரி. கூலன்ட் 18 டிகிரி.

குளச்சலில் 18 டிகிரியில் ஒரு விடியல் என்பது மார்கழியில்கூட நடக்காது. இது ஆனி மாதம். மழை தூறிக்கொண்டிருந்தது, கடற்காற்று பிசுபிசுத்தது, என் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனை அந்த இடத்திலேயே தெர்மோஸ்டாட்டை விடுதலை செய்துவிட்டது. எஞ்சின் ஓடாதபோது தெர்மோஸ்டாட் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? கூலன்ட் 18 டிகிரிக்குப் போக அது எந்த வகையிலும் காரணமாக முடியாது. கணினிக்கு வந்துசேரும் தகவல்தான் தவறு.

பிறகு எஞ்சினை ஓட்டினேன். தெர்மோஸ்டாட் உறையின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் இன்ஃப்ராரெட் வெப்பமானியைப் பிடித்தேன். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகப் பிடித்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், அதற்காகவே டேப். கால் மணி நேரத்தில் டேப்பின் மேல் 86 டிகிரி. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டால் கை சுட்டது. கைப்பேசியிலோ கூலன்ட் 43 டிகிரி.

இந்த இரண்டு இடைவெளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. குளிரில் 9 டிகிரி வித்தியாசம். சூட்டில் 40 டிகிரிக்கு மேல். சென்சர் தானே கெட்டுப்போனால் இப்படியும் ஆகலாம், எப்படியும் ஆகலாம். ஆனால் நல்ல சென்சரோடு வழியில் எங்கோ ஒரு மாறாத மின்தடை தொடராகச் சேர்ந்திருந்தால், இப்படித்தான் ஆகியே தீரும். 27 டிகிரியில் சென்சர் சுமார் 1,900 ஓம். அதோடு 800 ஓம் சேர்ந்தால் 2,700. அது 18 டிகிரிக்குரிய அளவு. 86 டிகிரியில் சென்சர் வெறும் 270 ஓம். அதோடு அதே 800 சேர்ந்தால் 1,070. அது 43 டிகிரிக்குரிய அளவு. இரண்டு எண்ணும் ஒரே 800 ஓமில் வந்து பொருந்தின. குளிரில் பெரிய எண்ணோடு சேரும்போது அதிகம் தெரியாத 800, சூட்டில் சிறிய எண்ணை விழுங்கிவிடுகிறது. காலையில் நன்றாகப் புறப்படும் கார் சூடான பிறகு மட்டும் முரண்டு பிடித்ததற்கு இதுவே விளக்கம். சூடான எஞ்சினுக்குக் குளிர்ந்த எஞ்சினுக்குரிய பெட்ரோலைக் கணினி ஊற்றியிருக்கிறது.

காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் புலப்பட்டது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. சென்சரின் மின்தடை பூச்சியமே ஆனாலும் வழியில் 800 ஓம் இருக்கிறது. 800 ஓம் என்றால் 51 டிகிரி. அதாவது எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் கணினிக்கு 51 டிகிரிக்கு மேல் தெரியவே தெரியாது. விசிறியை ஓட்டச் சொல்வதும் அதே கணினி. சிவப்பு விளக்கை ஏற்றுவதும் அதே கணினி. இரண்டும் நடக்காது.

அத்தானிடம் கேட்டேன். "ஏ.சி. போடாமல் எப்போதாவது நெரிசலில் நின்றீர்களா?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "போன வாரம் மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் அரை மணி நேரம் நின்றோம். மழை பெய்து குளிர்ந்திருந்தது, ஏ.சி. போடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கூலன்ட் டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. யாரோ அதிகமாக ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்."

யாரும் ஊற்றவில்லை. விசிறி ஓடாமல் எஞ்சின் கொதிநிலையை நெருங்கி, ரேடியேட்டர் மூடியைத் தாண்டிக் கூலன்ட் டப்பாவுக்குள் தள்ளப்பட்டிருக்கிறது. இந்தக் காரில் ஏ.சி. போட்டால் விசிறி தானாக ஓடும். இத்தனை நாள் எஞ்சினைக் காப்பாற்றியது ஏ.சி. மட்டுமே. இப்படிப்பட்ட அறிகுறி உங்கள் காரில் இருந்தால், பழுதைக் கண்டுபிடிக்கும் வரை ஏ.சி.யைப் போட்டே ஓட்டுங்கள். பெட்ரோல் செலவு பற்றிய கவலை அப்புறம்.

கணக்கு கையில் இருந்தாலும் அளந்து பார்க்காமல் சென்சரை நிரபராதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதியம் வரை எஞ்சினை ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ சென்சரையோ திறந்தால் அழுத்தத்தோடு பீய்ச்சும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். கைகால் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகு சென்சரைக் கழற்றி, துளையைக் கைவசம் இருந்த ரப்பர் தக்கையால் அடைத்தேன். அரை டம்ளர் கூலன்ட்தான் சிந்தியது.

அக்காவின் சமையலறையில் பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்று கிடைத்தது. இனி அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். கூலன்ட்டில் இருக்கும் எத்திலின் கிளைக்கால் நஞ்சு. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சென்சரின் பித்தளை முனை மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிட்டு, பின்களில் மீட்டரை இணைத்தேன். குளச்சலுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தனியாக வெப்பமானி வாங்கவே வேண்டாம், கொதிப்பதே ஓர் அளவுகோல். ஊட்டியில் இதே சோதனையைச் செய்தால் ஏழெட்டு டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும். மீட்டர் 192 ஓம் காட்டியது. அடுப்பை அணைத்து ஆறவிட்டபோது 80 டிகிரியில் 328, 60 டிகிரியில் 604. இறங்கும் வழியில் எங்கும் துள்ளல் இல்லை. சென்சர் நல்ல சென்சர். புதிது வாங்கி மாட்டியிருந்தால் அந்தப் பணமும் வீணாகியிருக்கும்.

இனி மிச்சம் கம்பி. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோவதைப் பார்க்கிறேன். சென்சரின் பின்களில் கம்பிகளை இணைக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு, கப்ளரின் இரண்டு துளைகளிலும் மீட்டரை வைத்தால் 5 வோல்ட் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வைத்தேன். 4.98 வந்தது. இதோடு நின்றிருந்தால் கம்பியும் நல்ல கம்பி என்று எழுதிவிட்டு, கணினியை மாற்றச் சொல்லிப் பல ஆயிரங்களுக்கு வழிகாட்டியிருப்பேன். டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் 10 மெகாஓம் உள்தடை கொண்டது. அது இழுக்கும் மின்னோட்டம் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. வழியில் 800 ஓம் இருந்தாலும், 8,000 ஓம் இருந்தாலும் மீட்டரில் 5 வோல்ட்தான் தெரியும். மின்னோட்டம் ஓடும்போதுதான் கெட்ட இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே சென்சர் இருக்க வேண்டிய இடத்தில் அளவு தெரிந்த ஒன்றை வைத்துப் பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து வரும்போதே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றிரண்டு ரூபாய்ப் பொருள். அதைக் கப்ளரின் இரு துளைகளுக்கும் இடையே செருகினால் கைப்பேசியில் 79 அல்லது 80 டிகிரி தெரிய வேண்டும். தெரிந்தது 41. அதை எடுத்துவிட்டு ஒரு சிறு கம்பியால் இரண்டு துளைகளையும் நேராக இணைத்தேன். 130க்கு மேல் போயிருக்க வேண்டும். 51 டிகிரியில் நின்றது. காலையில் காகிதத்தில் எழுதிய அதே 51. அந்த எண்ணைப் பார்த்ததும் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். (இரண்டு பின் மட்டும் உள்ள கூலன்ட் சென்சர் கப்ளர் இதுதான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே இப்படி இணைக்க வேண்டும். 12 வோல்ட் வரும் கப்ளரில் செய்தால் ஃபியூஸ் போகும், அல்லது கம்பி எரியும்.)

இரண்டு கம்பிகளில் எது? சென்சரைத் திரும்ப மாட்டி, சிந்திய அளவுக்குக் கூலன்ட்டை நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கினேன். அத்தானிடம் வேட்டியையும் தோளில் கிடந்த துண்டையும் ஒதுக்கிக்கொண்டு தள்ளி நிற்கச் சொன்னேன். விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலும். கப்ளரின் பின்புறம் வழியாக மெல்லிய ஊசியை நுழைத்து, மின்னோட்டம் கணினிக்குத் திரும்பும் தரைக் கம்பியின் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே அளந்தேன். நல்ல இணைப்பில் ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குதான் இருக்கும். இங்கே 1.2 வோல்ட். அதே கம்பியில் ஒரு சாண் தள்ளி ஊசியைக் குத்தி அளந்தபோது 0.02. பழுது அந்த ஒரு சாணுக்குள் ஒளிந்திருந்தது.

உண்மையில் இதை நான் காலையிலேயே ஊகித்திருக்கலாம். காற்று சென்சரும் கூலன்ட் சென்சரும் கணினியிலிருந்து வரும் ஒரே தரைக் கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பொதுக் கம்பி கெட்டிருந்தால் காற்றின் எண்ணும் தவறியிருக்கும். அது 27 என்று சரியாகக் காட்டியது என்றால், இரண்டும் பிரிந்த பிறகு வரும் கிளையில்தான் கோளாறு.

கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பாதி கிழிந்திருந்தது. தரைப் பின்னின் அடியில் பச்சைப் பூச்சு, பழைய செப்புக் குடத்தில் களிம்பு ஏறியதைப் போல. கம்பியின் பிளாஸ்டிக் உறையைச் சீவியபோது, உள்ளே செப்பு இழைகள் ஓர் அங்குலத்துக்குக் கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. மேலே பார்த்தால் காரணம் தெரிந்தது. ஹோஸ் கிளிப் தளர்ந்து, கூலன்ட் துளித்துளியாகக் கசிந்து, நேராகக் கப்ளரின் மேல் விழுந்து காய்ந்திருக்கிறது. வெளிறிய படிவு தெளிவாகத் தெரிந்தது. அத்தான் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். கார் நிற்பது திறந்த வெளியில். உப்புக்காற்று இரவெல்லாம் படிகிற இடத்தில் ஈரமும் சேர்ந்துவிட்டால் செம்பு எத்தனை நாள் தாங்கும்? முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பானட்டைத் திறந்து கப்ளர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வடக்கே குலசேகரம், திருவட்டாறு பக்கம் மழை அதிகம் பெய்தாலும், இவ்வளவு உப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. திங்கள் மாலை வேலை முடிந்து வடசேரியில் உதிரிபாகக் கடையில் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி சென்சரை எடுத்து வைத்தார். "சென்சர் வேண்டாம் அண்ணாச்சி, அதன் கப்ளர் கம்பியோடு கிடைக்குமா?" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லோரும் சென்சர்தான் கேட்பார்கள் மக்களே" என்று சொல்லி, உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். சென்சரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

செவ்வாய் காலை ரிப்பேர். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கறுப்பு நின்று பளிச்சென்ற செம்பு தெரியும் வரை பழைய கம்பியை வெட்டிப் பின்வாங்கினேன். இரண்டு கம்பிகளையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினால் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. எஞ்சின் அதிர்வில் வெறும் சாலிடர் இணைப்பு அதன் விளிம்பில் முறியக்கூடும் என்பதால், செப்புக் குழல் வைத்து இறுக்கி நசுக்கி, மேலே உள்பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்கினேன். கம்பியைத் தொங்கவிடாமல் அருகிலிருந்த தாங்கியோடு சேர்த்துக் கட்டினேன். கப்ளரின் ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவினேன். கசிந்த ஹோஸுக்குப் புது கிளிப். நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் கரி படிந்திருந்தன; அவற்றை மாற்றிவிட்டோம்.

சோதனை ஓட்டத்துக்கு நாகர்கோவில் தாண்டி, தோவாளை வழியாக ஆரல்வாய்மொழி வரை போனோம். ஆனி ஆடியில் அந்தக் கணவாயில் அடிக்கும் காற்று காரையே ஒரு பக்கம் தள்ளும். காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. தெர்மோஸ்டாட் சரியாக மூடாவிட்டால் அந்தக் காற்றில் ரேடியேட்டர் குளிர்ந்து எண் சரிந்துவிடும். கைப்பேசியில் 86க்கும் 90க்கும் இடையிலேயே நின்றது. திரும்பி வரும்போது வடசேரி நெரிசலில் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். 92, 94, 96. விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. 91க்கு இறங்கியதும் நின்றது. அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகின்றன என்றார்.

வடசேரியில் ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் எடுத்தது. புகை இல்லை. 750 சுற்று.

ஒரு மாதம் கழித்து மறுபடி குளச்சல் போனபோது கப்ளரைக் கழற்றிப் பார்த்தேன். பின்கள் மினுங்கின, ஹோஸின் அடியில் ஈரம் இல்லை. பெட்ரோல் கணக்கு லிட்டருக்கு 16.5க்கு வந்திருந்தது. கோடு திரும்பவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிக் கொடுத்த பழைய தெர்மோஸ்டாட் டிக்கியில் ஒரு பையில் கிடந்தது. அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. அக்காவின் அதே அலுமினியப் பாத்திரத்தில், நூலில் கட்டித் தொங்கவிட்டு, இந்த முறை வெப்பமானியோடு சூடாக்கினேன். 83 டிகிரியில் வால்வு மெல்ல வாய் திறந்தது. ஆறவிட்டபோது முழுவதும் மூடியது. துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, மாற்று உதிரியாக இருக்கட்டும் என்று அதே பையில் போட்டு வைத்தேன்.